பீட்டில் 1600 எஞ்சினுக்கு டைமிங் எத்தனை டிகிரி?

கேள்வி இது: ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1600 சிசி எஞ்சின், வேக்குவம் (எஞ்சினின் உறிஞ்சு இழுப்பு) இல்லாத 009 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் பாகம்). அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் பாயிண்ட், அதோடு சேர்ந்த கண்டன்சர் இரண்டும் புதிது. ஐட்லிங்கில் ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, எந்த இடத்தில் எஞ்சின் நன்றாக ஓடியதோ அந்த இடத்தில் இறுக்கியாயிற்று. இப்போது மேடு ஏறும்போது கணகணவென்று ஒரு சத்தம், எஞ்சினும் வழக்கத்தைவிடச் சூடு. எத்தனை டிகிரியில் வைப்பது சரி?

எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். 009 இருந்தால், 3000 முதல் 3500 ஆர்பிஎம்மில் அட்வான்ஸ் முழுதாக வந்தபிறகு, டிடிசிக்கு முன் 30 டிகிரி. 32-ஐத் தாண்டக் கூடாது. 28-க்குக் கீழே போகவும் தேவையில்லை. டிடிசி என்பது பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம். டைமிங் என்பது அதை ஒட்டித் தீப்பொறி விழும் இடம்; அதை முன்னால் இழுப்பது அட்வான்ஸ், பின்னால் தள்ளுவது ரிட்டார்ட். ஐட்லிங்கில் டைமிங் 7 முதல் 10 டிகிரிக்குள் எங்கேயாவது வந்து நிற்கும். எங்கே நின்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்: ஐட்லிங்கைப் பிடித்துக்கொண்டு மேல்வேகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டீர்கள். சத்தமும் சூடும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

காது ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். ஐட்லிங்கில் திராட்டில் மூடியிருக்கிறது. சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம்தான். அதிலும் பழைய புகை கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும். மெதுவாக எரிவதற்கு முன்கூட்டியே தீப்பொறி கொடுத்தால் எஞ்சின் மகிழ்ச்சியாகவே ஓடும். டிஸ்ட்ரிபியூட்டரை அட்வான்ஸ் பக்கம் திருப்பத் திருப்ப ஆர்பிஎம் ஏறும், சத்தம் மென்மையாகும், காது 'இதுதான் சரி' என்று சொல்லும். அந்த இடம் பல எஞ்சின்களில் 15, 20 டிகிரிக்கு வந்திருக்கும். 009-க்குள் இருக்கும் வெயிட்டுகள் (வேகம் ஏற ஏற விரியும் எடைகள்) மேல்வேகத்தில் இன்னும் 20 டிகிரிக்கு மேல் சேர்க்கும். ஆக மொத்தம் 40. நான்காவது கியரில், பாரத்தோடு, திராட்டிலை முழுக்கத் திறந்து மேடு ஏறும் எஞ்சினுக்கு 40 டிகிரி கொடுத்தால், பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்தை நெருங்கிவிடும். அதன்பின் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். அந்தக் கணகண சத்தம் அதுதான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 900 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 5.4 டிகிரி சுற்றுகிறது. 3000-இல் 18 டிகிரி. கலவை எரிய எடுக்கும் நேரம் இதே விகிதத்தில் குறைவதில்லை. அழுத்தத்தின் உச்சம் டிடிசி தாண்டிச் சுமார் 15 டிகிரியில் விழுந்தால்தான் பிஸ்டனைத் தள்ளும் வேலை முழுதாக நடக்கும். அதனால் வேகம் ஏறும்போது பொறியை முன்னால் இழுத்தாக வேண்டும்; ஒரு அளவுக்கு மேல் கலவையின் கலக்கமே எரிவதை விரைவுபடுத்திவிடுவதால், 30-ஐ ஒட்டி அந்த இழுப்பு நின்றுவிட வேண்டும்.

தண்ணீர் ஓடும் எஞ்சினிலும் இதே விதிதான். வித்தியாசம், அங்கே தவறு நடந்தால் தாங்கிக்கொள்ளத் தண்ணீர் இருக்கிறது, டாஷ்போர்டில் முள் ஏறும். பீட்டிலில் வெப்பத்தை வாங்குவது ஹெட்டிலும் சிலிண்டரிலும் உள்ள மெல்லிய தகடுகளும் எண்ணெயும் மட்டுமே. முள் கிடையாது. அதோடு ஃபேன் போடும் இரைச்சலில் லேசான நாக்கிங், அதாவது அந்தக் கணகண சத்தம், ஓட்டுநர் காதுக்கே எட்டாது. உங்களுக்குச் சத்தம் கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால் அது லேசானது அல்ல. டைமிங்கைத் திருத்தும்வரை வண்டியை மேட்டில் விரட்டாதீர்கள். இதைத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் பிஸ்டன் ரிங் உட்காரும் மேடு உடையும், அடுத்தது பிஸ்டன் தலையில் ஓட்டை.

அதற்காகப் பின்னால் தள்ளி வைப்பதும் பாதுகாப்பு அல்ல. 'ரிட்டார்ட் ஆக இருந்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது' என்று பலர் நம்புகிறார்கள். பொறி தாமதமானால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். அந்த வெப்பம் வால்வின் தலையிலும் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் குழாயிலும் போய் இறங்கும். இழுவை குறையும், அதை ஈடுகட்ட ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதிப்பீர்கள், இன்னும் சூடாகும். 30-க்குப் பதில் 28-இல் இருப்பது பிரச்சினை இல்லை. 20-இல் இருப்பது பிரச்சினை.

எந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று தெரியாமல் எண்ணைத் தொடாதீர்கள்

மேலே சொன்ன 30 டிகிரி, வெயிட்டும் ஸ்பிரிங்கும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குத்தான். இந்த எஞ்சின்களில் நான்கு வகை புழங்குகிறது. ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு வைத்தால் கெட்டது.

வேக்குவத்தால் மட்டும் அட்வான்ஸ் ஆகும் பழைய வகையில் வெயிட்டே கிடையாது. அது பழைய சோலெக்ஸ் கார்பரேட்டரோடு ஜோடியாக வந்தது. குழாயைக் கழற்றிவிட்டு ஆர்பிஎம் ஏற்றினால் டைமிங் அசையாது. இதற்கு நின்ற நிலையில் வைப்பதே வழி: 1960-களின் முதல் பாதியில் வந்த 1200-க்கு டிடிசிக்கு முன் 10 டிகிரி, 1966-இன் 1300-க்கும் 1967-இன் 1500-க்கும் 7.5. கார்பரேட்டரை மாற்றிவிட்டு இந்த டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டால் அட்வான்ஸ் சரியாக வராது. அந்த வண்டியில் எந்த எண்ணும் பலிக்காது.

வெயிட்டும் ஒரு வேக்குவக் குழாயும் உள்ளது இரண்டாவது. என் கணக்கில் தெருவில் ஓடும் வண்டிக்கு இதுதான் சிறந்தது. குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் பக்கம் அடைத்துவிட்டு, மேல்வேகத்தில் 28 முதல் 32-க்குள் வைக்க வேண்டும். பிறகு குழாயை மாட்டினால், லேசான பாரத்தில் வேக்குவம் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். அப்போது மொத்தம் 40-ஐத் தொட்டாலும் கெடுதல் இல்லை. ஏனென்றால் திராட்டிலை மிதித்த உடனே வேக்குவம் விழுந்து, அது சேர்த்ததும் போய்விடும்.

இரண்டு குழாய் உள்ள வகை 1971 முதல் 1973 வரையிலான 1600-களில் வந்தது. ஒரு குழாய் அட்வான்ஸுக்கு, இன்னொன்று ஐட்லிங்கில் ரிட்டார்ட் செய்வதற்கு. புகைக் கட்டுப்பாட்டுக்காகச் செய்த ஏற்பாடு. இதைக் குழாய்கள் மாட்டிய நிலையில், 800 முதல் 900 ஆர்பிஎம் ஐட்லிங்கில், டிடிசிக்குப் பின் 5 டிகிரியில் வைக்க வேண்டும். 'பின்' என்பதைக் கவனியுங்கள். 009-ஐ இந்த எண்ணில் வைத்துவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று கார்பரேட்டரைப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு.

நான்காவது உங்களுடைய 009. வெயிட் மட்டும். எளிமையானது, கெடுவது குறைவு. ஆனால் ஆக்ஸிலேட்டரைத் தொட்ட அந்த நொடியில் ஒரு தயக்கம் காட்டும், ஒற்றைக் கார்பரேட்டர் எஞ்சினில் குறிப்பாக. அந்தத் தயக்கத்தைப் போக்க டைமிங்கை ஏற்றிக்கொண்டே போனவர்கள்தான் இந்தக் கணகண சத்தத்தில் வந்து நிற்கிறார்கள். தயக்கத்துக்கு மருந்து ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் பீச்சலைச் சரிசெய்வது, அல்லது வேக்குவம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறுவது.

டைமிங்குக்கு முன் பாயிண்ட், அதற்கும் முன் வால்வு

எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் வால்வு இடைவெளியை 0.15 மி.மீ. ஆக்குங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இவை சரியில்லாத எஞ்சினில் டைமிங் லைட் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அடுத்து பாயிண்ட். மூடியையும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் சுற்றி, பாயிண்டின் ஃபைபர்க் கட்டை கேமின் நான்கு மூலைகளில் ஒன்றின் உச்சியில் நிற்கும்படி செய்யுங்கள். பிடிப்பு ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவர் முனையைத் தகட்டின் காடியில் வைத்து நெம்பினால் இடைவெளி மாறும். 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசான உரசலோடு போய்வர வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அது நகரும், கிட்டத்தட்ட எப்போதும் நகரும். ஃபீலர் தகட்டில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு நுழைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அந்த எண்ணெய் பாயிண்டில் கருகி, இரண்டு வாரத்தில் மிஸ்ஸிங் வரும்.

டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) அளக்கும் மீட்டர் இருந்தால் அதையே நம்புங்கள். புதிய பாயிண்டுக்கு 44 முதல் 50 டிகிரி. ஓடித் தேய்ந்த பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையும் இருக்கும். ஃபீலர் முளையின் மேல் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். டுவெலுக்கு அந்தக் குறை இல்லை. ஆர்பிஎம் ஏற்றும்போது டுவெல் 3 டிகிரிக்கு மேல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கைக்கே தெரியும்.

ஏன் இந்த வரிசை? இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். குறைந்தால் தாமதமாகத் திறக்கும், ரிட்டார்ட் ஆகும். டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் வைத்த டைமிங் போயிற்று. பாயிண்டைத் தொடாமல் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் திருப்பினால் டுவெல் மாறாது. புது ஃபைபர்க் கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேய்ந்து படியும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கேமில் பாயிண்ட் கிரீஸ் ஒரு அரிசி அளவு போதும். ரோட்டருக்கு அடியில் உள்ள ஃபெல்ட்டில் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய். அந்தச் சொட்டு இல்லாமல் வருடக்கணக்கில் ஓடிய டிஸ்ட்ரிபியூட்டரில் கேம் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், வெயிட் விரிந்தாலும் அட்வான்ஸ் வராது. சோதிப்பது எளிது. ரோட்டரை அது சுற்றும் திசையில், அதாவது கடிகார முள்ளின் திசையில், விரலால் திருப்பி விடுங்கள். சில டிகிரி போய் 'டக்'கென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால், அல்லது வராமலே நின்றால், டைமிங் வைக்கும் வேலையை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வேக்குவம் உள்ளதாக இருந்தால் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள்: உள்ளே தகடு நகர வேண்டும், அப்படியே நிற்கவும் வேண்டும். நழுவித் திரும்பினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

புல்லியில் உள்ள வெட்டை நம்பலாமா?

உடனே நம்பக் கூடாது. பழைய புல்லிகள் பலவற்றில் இரண்டு வெட்டு இருக்கும், இடப்பக்கத்தது 7.5, வலப்பக்கத்தது 10. பின்னால் வந்தவற்றில் ஒரே வெட்டு. அது சிலவற்றில் டிடிசி, சிலவற்றில் டிடிசிக்குப் பின் 5. ஐம்பது வருடம் ஓடிய எஞ்சினில் எந்தப் புல்லி எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று யார் கண்டது? டிகிரி அச்சிட்ட புதுப் புல்லியாக இருந்தாலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

முதல் சிலிண்டர் எது என்பதில் குழப்பம் வரும். வண்டியின் முன்பக்கம் பார்த்து நின்றால், வலப்பக்கம் முன்னால் இருப்பது 1, அதற்குப் பின்னால் 2. இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. எரியும் வரிசை 1-4-3-2.

உண்மையான டிடிசியைக் கண்டுபிடிக்க நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் உடம்பில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றைப் பொருத்தினாலும் ஆயிற்று. புல்லியை ஒரு திசையில் மெல்லச் சுற்றி, பிஸ்டன் ஸ்டாப்பரைத் தொட்டு நின்றதும், கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் செங்குத்துக் கோட்டுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். எதிர்த் திசையில் சுற்றி மறுபடி தொடும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டிடிசி. ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றக் கூடாது, பிஸ்டன் போய்விடும். ஸ்டாப்பரைக் கழற்ற மறந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதும் நடக்கிற காரியம்தான்.

இனி 30 டிகிரிக் கோடு. புல்லியின் விளிம்பைச் சுற்றி ஒரு காகித நாடாவை ஒட்டி, சுற்றளவை மில்லிமீட்டரில் அளந்து, 12-ஆல் வகுங்கள். வருவது 30 டிகிரியின் நீளம். சுற்றளவு 540 மி.மீ. என்றால் 45 மி.மீ. பின்னால் நின்று பார்க்கும்போது, டிடிசிக் கோட்டை மேலே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வலப்பக்கமாக அந்த நீளத்தை அளந்து வெள்ளைப் பெயிண்டால் கோடு போடுங்கள். புல்லி பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. அதனால் வலப்பக்கக் கோடுதான் முதலில் உச்சிக்கு வரும், அதாவது அது டிடிசிக்கு 'முன்'. இடப்பக்கம் போட்டுவிட்டால் டிடிசிக்குப் பின் 30 ஆகிவிடும். அதே கணக்கில் 7.5-க்கும் ஒரு சிறு கோடு: நம் எடுத்துக்காட்டில் 11 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். 30-க்கு வேறு நிறம் கொடுத்தால் லைட்டின் வெளிச்சத்தில் குழம்பாது.

நின்ற நிலையில் முதல் அமைப்பு

எஞ்சினைக் கிளப்புவதற்கே ஒரு தொடக்க டைமிங் வேண்டும். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று போதும் (1967-க்கு முந்தைய பல வண்டிகளில் 6 வோல்ட், அதற்கேற்ற பல்பு). லேம்ப்பின் ஒரு முனையைக் காயிலின் 1 என்று எழுதிய முனையிலும், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் பக்கம், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் கொடுங்கள்.

புல்லியைக் கடிகாரத் திசையில் சுற்றி 7.5 கோட்டை இணைப்புக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் அங்கிருந்து பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள், பற்சக்கரங்களின் தளர்வு கணக்கைக் கெடுக்காமல் இருக்கும். ரோட்டர் இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள சிறு வெட்டைப் பார்க்க வேண்டும். அது முதல் சிலிண்டரின் அடையாளம். நேர் எதிரே பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் முறை வந்திருக்கிறது, புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பின் நட்டைத் தளர்த்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கு இறுக்கமாகத் திரும்பினால் போதும், தொளதொளவென்று ஆடக் கூடாது. இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகாரத் திசையில் திருப்பினால் பாயிண்ட் மூடி லேம்ப் அணையும். இப்போது மிக மெல்ல எதிர்த் திசையில் திருப்புங்கள். லேம்ப் எரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். பாயிண்ட் திறக்கும் இடமே தீப்பொறி விழும் இடம். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக உடம்பைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் லைட்டைப் பிடித்துக்கொண்டு தடுமாற வேண்டாம். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நெடுநேரம் விட்டால் காயில் சூடேறும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தால் இந்த லேம்ப் முறையையே விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் இக்னிஷனைப் போட்டு வைத்தால் சில மாட்யூல்கள் கருகும்.

லைட் போட்டு இறுதி அமைப்பு

எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, ஐட்லிங்கை 850 ஆர்பிஎம் அருகே கொண்டுவாருங்கள். ஐட்லிங்கே 1200-இல் இருந்தால் வெயிட்டுகள் அப்போதே விரியத் தொடங்கியிருக்கும், எண் பொய்யாகும். பீட்டிலில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் கிடப்பதால், டைமிங் லைட்டின் பாசிட்டிவ் கிளிப்பைக் காயிலின் 15-ஆம் முனையிலும் நெகட்டிவை எஞ்சின் உடம்பிலும் கொடுத்துவிடலாம். பிக்-அப் கிளிப் முதல் சிலிண்டரின் பிளக் வயரில். அதன் அம்புக்குறி பிளக்கை நோக்கி. எல்லா வயரையும் ஃபேன் பெல்ட்டிலிருந்தும் புல்லியிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். லைட்டின் வெளிச்சத்தில் புல்லி நின்றுவிட்டதுபோல் தெரியும், நிற்கவில்லை.

இன்னொருவர் ஆக்ஸிலேட்டரை மெல்ல ஏற்ற, நீங்கள் கோட்டைப் பாருங்கள். டிடிசிக் கோடு இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், 30 கோடு உச்சியை நெருங்கும். ஒரு கட்டத்தில் ஆர்பிஎம் ஏறினாலும் கோடு நகராது. அங்கேதான் அட்வான்ஸ் முடிந்தது. அந்த வேகத்தில் 30 கோடு இணைப்புக் கோட்டுக்கு நேராக வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குங்கள். மேல்வேகத்தில் சில விநாடிகளுக்கு மேல் நிறுத்த வேண்டாம். பார்ப்பது, இறங்குவது, திருப்புவது, மறுபடி பார்ப்பது. கண்ணை இணைப்புக் கோட்டுக்கு நேர் பின்னால் வையுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தால் இரண்டு டிகிரி பிசகு வருவது சாதாரணம்.

இறுக்கியபின் ஒருமுறை மறுபடி லைட்டைக் காட்டுங்கள். பிறகு ஐட்லிங்கில் எத்தனை நிற்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். 7-இலிருந்து 10-க்குள் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் நலம். 15-க்கு மேல் என்றால் ஐட்லிங் அதிகம், அல்லது வெயிட்டுகள் திரும்பி உட்காரவில்லை. சைபருக்கு அருகே என்றால் அட்வான்ஸ் வீச்சு அளவுக்கு மீறிவிட்டது, பெரும்பாலும் உள்ளே தடுப்பு தேய்ந்ததாலோ யாரோ கைவைத்ததாலோ. எந்த நிலையிலும் 30-ஐ விட்டுக்கொடுத்து ஐட்லிங்கைச் சரிசெய்யப் போகாதீர்கள். ஐட்லிங் கொஞ்சம் முரடாக இருந்தால் அதைக் கார்பரேட்டர் ஸ்க்ரூவில் பார்த்துக்கொள்ளலாம். பிஸ்டன் உடைந்தால் எஞ்சினை இறக்க வேண்டும்.

கோடு நிலையாக நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பயனில்லை. துள்ளல் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் இருந்தால் ஷாஃப்ட் புஷ், தளர்ந்த பாயிண்ட் தகடு, அல்லது எஞ்சினுக்குள் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் துண்டுத் தண்டின் ஆட்டம். இந்த வரிசையில் தேடுங்கள். துள்ளுகிற டிஸ்ட்ரிபியூட்டரோடு தற்காலிகமாக ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், துள்ளலின் முன்கோடியை 30-இல் வையுங்கள், நடுவை அல்ல.

மூன்றாவது சிலிண்டர்

மேலே சொன்ன எல்லாமே முதல் சிலிண்டருக்கு வைத்த டைமிங். மற்ற மூன்றும் அதையே பின்பற்றும் என்பது ஒரு நம்பிக்கைதான். பிக்-அப் கிளிப்பை மூன்றாவது வயருக்கு மாற்றிப் பாருங்கள். 1-உம் 3-உம் ஒரே கோட்டில்தான் பொறி விட வேண்டும். (2-ஐயும் 4-ஐயும் பார்க்க, எதிர்ப்பக்கம் சரியாக 180 டிகிரியில் இன்னொரு டிடிசிக் கோடும் 30 கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.) பழைய டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் மூன்றாவது மட்டும் சில டிகிரி பின்தங்கியே நிற்கும். அது பழுதல்ல, வேண்டுமென்றே கேமில் செய்தது: 1970 வரை எண்ணெய் கூலர் ஃபேன் ஹவுசிங்குக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. மூன்றாவதற்குப் போவது ஏற்கெனவே சூடான காற்று. அதனால் அதை நாக்கிங்கிலிருந்து காக்க இந்த ஏற்பாடு. 1971 முதல் கூலர் வெளியே தள்ளி வைக்கப்பட்டது. கெடுதலான நிலை எதிர்த் திசையில்: தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில் முதல் சிலிண்டர் 30 காட்ட, மூன்றாவது 34-இல் ஓடும். எரிந்த வால்வும் உடைந்த பிஸ்டனும் மூன்றாவதில் அடிக்கடி கிடைப்பது தற்செயல் அல்ல. அப்படி இருந்தால் அதிகமாகக் காட்டும் சிலிண்டரை 30-இல் வைத்துவிட்டு, வேறு டிஸ்ட்ரிபியூட்டர் தேடுங்கள்.

இதற்குப் பிறகும் சத்தமும் சூடும் போகவில்லை என்றால்

டைமிங் 30-இல் உறுதியாக நிற்கும்போதும் மேட்டில் கணகண கேட்டால், இரண்டு டிகிரி குறைத்து 28-இல் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மேல் குறைக்க வேண்டியிருந்தால் காரணம் டைமிங் அல்ல. சாதாரண 1600-இன் சுருக்க விகிதம் 7.5-ஐ ஒட்டியது, சாதாரண பெட்ரோலுக்கே அது சத்தமிடக் கூடாது. கலவை வறட்சியாக இருக்கலாம், மேனிஃபோல்டு இணைப்பில் காற்று புகலாம், பிஸ்டன் தலையில் கரி கட்டியிருக்கலாம், பிளக் அதிக வெப்ப வகையாக இருக்கலாம், ஹெட்டைத் தேய்த்துச் சுருக்க விகிதத்தை ஏற்றியிருக்கலாம். எஞ்சினைச் சுற்றிய தகரங்களில் ஒன்று காணாமல் போயிருந்தாலும், எஞ்சின் அறையின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தாலும் கீழேயிருந்து சூடான காற்றை ஃபேன் திரும்ப இழுக்கும். அந்தத் தகரங்களை அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிப் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது.

சூடான பிறகு மட்டும் மிஸ்ஸிங், பாயிண்டில் மஞ்சளாகப் பெரிய பொறி, முகம் சீக்கிரம் கருகுவது: கண்டன்சர். புதிது என்பதால் அதை விலக்கிவிடாதீர்கள். முன்பு ஓடிய பழைய கண்டன்சரை மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தகட்டை உடம்போடு இணைக்கும் மெல்லிய எர்த் வயர் அறுந்து, வேக்குவம் இழுக்கும்போது மட்டும் எஞ்சின் தடுமாறுவதும் உண்டு.

திருத்திய பின் ஒரு இருபது கிலோமீட்டர், ஒரு மேடும் உட்பட, ஓட்டிவிட்டு வந்து நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. அதில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மினுமினுக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நாக்கிங் இன்னும் நடக்கிறது, அந்தத் துகள் பிஸ்டனிலிருந்து வந்தது. காதுக்குக் கேட்காத நாக்கிங்கையும் பிளக் காட்டிக்கொடுக்கும். உங்கள் வண்டி ஏற்கெனவே இந்தச் சத்தத்தோடு ஓடியிருப்பதால், மறுபடி ஓட்டுவதற்கு முன்பே ஒருமுறை இதைப் பார்த்துவிடுவது நல்லது. துகள் ஏற்கெனவே இருந்தால் கம்ப்ரெஷன் அளந்து, மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

புதுப் பாயிண்ட் என்பதால் 500 கிலோமீட்டரில் டுவெலையும் டைமிங்கையும் மறுபடி பாருங்கள். ஃபைபர்க் கட்டை படிந்து இடைவெளி குறைந்திருக்கும், 30 என்று வைத்தது 28 ஆகியிருக்கும். முதலில் பாயிண்ட், பிறகு லைட். அதன்பின் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, வால்வு இடைவெளி பார்க்கும்போதே இதையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.